அக்டோபரில் லடாக்: பருவகால முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது, எந்தக் கணவாயை எப்போது கடப்பது?

பாலைவழி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நான்கு பேர் அக்டோபர் 8 காலை லேயில் இறங்குகிறோம், 17 காலை கிளம்புகிறோம். திட்டம் இது: லேயில் 2 இரவு, கர்துங் லா கணவாய் வழியாக நுப்ராவில் 2 இரவு, ஷியோக் சாலையில் போய் பாங்காங்கில் 1 இரவு, அங்கிருந்து சுஷுல் வழியாக ஹான்லேயில் 2 இரவு, பிறகு சிந்து நதிப் பாதையில் லே திரும்பி மீதி 2 இரவு. இன்னும் இரண்டு பேர் மணாலியிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்கிறார்கள்.

என் சந்தேகங்கள்:

1. அக்டோபர்–டிசம்பர் முன்னறிவிப்பு வரைபடத்தில் வடமேற்கு இந்தியா "இயல்பை விட அதிக மழை" என்று நீலமாக இருக்கிறது. லடாக் மேல் பாதி இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா?
2. போனில் இருக்கும் வானிலை ஆப் கர்துங் லாவுக்கு ஒரு வெப்பநிலை காட்டுகிறது, இன்னொரு ஆப் அதைவிட 9 டிகிரி வித்தியாசமாகக் காட்டுகிறது. எதை நம்புவது?
3. பயணக் குறிப்புகள் எல்லாமே "விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பு, மதியத்துக்குள் கணவாயைக் கடந்துவிடு" என்கின்றன. அக்டோபருக்கும் அதேதானா?
4. ஹான்லேயில் நட்சத்திரம் பார்க்கத்தான் 2 இரவு ஒதுக்கியிருக்கிறோம். குளிர் எவ்வளவு இருக்கும், வானம் தெளிவாகக் கிடைக்குமா?

---

மேலடுக்கு

வரைபடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் குழம்புகிறார்கள்.

அந்த வரைபடம் மூன்று பிரிவுக் கணக்கு: இயல்புக்குக் குறைவு, இயல்பு, இயல்புக்கு அதிகம். எந்தத் தகவலும் கையில் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிரிவுக்கும் 33 சதவீத வாய்ப்பு உண்டு. ஓரிடத்தில் "அதிகம்" 45 சதவீதம் என்று நீலம் தீட்டியிருந்தால், 55 சதவீதம் அப்படி நடக்காமலும் போகலாம். புள்ளி வைத்த இடம் என்றால் அந்தப் பருவத்தில் அங்கே வழக்கமாகவே மழை மிகக் குறைவு என்று அர்த்தம். அங்கே சதவீதத்தைப் படிப்பதில் பயனில்லை.

காரணம் எளிது. லேயில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 100 மி.மீ. தான். சென்னையில் ஆண்டுக்கு 1,400 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது. அக்டோபரில் லேயின் இயல்பு சில மி.மீ. மட்டும். அது மாதம் முழுக்கப் பரவிப் பெய்வதும் இல்லை. ஒரே ஒரு வானிலை அமைப்பு வந்து ஒன்றரை நாளில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த ஒன்று வந்தால் மாதம் "இயல்பை விட 200 சதவீதம்", வராவிட்டால் "மைனஸ் 100 சதவீதம்". உங்களுக்கு வேண்டிய கேள்வி மாத மொத்தம் அல்ல. அந்த ஒன்று 10 முதல் 15 வரைக்குள் வருமா என்பதுதான். இதற்குப் பருவகால வரைபடத்தால் பதில் சொல்ல முடியாது. எல் நினோ, லா நினா பேச்சும் அப்படியே. எல் நினோ ஆண்டுகளில் குளிர்கால மேற்கத்திய இடையூறுகள் மூலம் வடமேற்கு மலைகளில் மழையும் பனியும் கூடும் போக்கு உண்டு. ஆனால் அது டிசம்பருக்குப் பிறகான கணக்கு. அதை வைத்து அக்டோபர் இரண்டாம் வாரத்தை முடிவு செய்யாதீர்கள். தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பருவத்தின் பொதுவான முகம் இப்படி இருக்கும். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இரண்டாம் பாதியில் வடமேற்கிலிருந்து விலகிவிடும். அதன்பின் லடாக்கில் வறண்ட, நீல வானம். லேயில் செப்டம்பரில் பகல் அதிகபட்சம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டி இருக்கும், அக்டோபரில் சுமார் 14–15, நவம்பரில் 8. இரவுக் குறைந்தபட்சம் அக்டோபரில் பூஜ்யத்தை ஒட்டி வரும். மாதத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே பெரிய இறக்கம் உண்டு. நீங்கள் போகும் பத்து நாளுக்குள்ளேயே இரவு 2–3 டிகிரி குறைவதை உணர்வீர்கள். லேயிலும் அதற்கு மேற்கே ஷாம் பக்கமும் பாப்லரும் வில்லோவும் மஞ்சளாகும் நேரமும் அதுவே.

இந்த அமைதியைக் குலைப்பது மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல், காஸ்பியன் பக்கம் மேலடுக்கு மேற்குக் காற்றில் உருவாகும் பள்ளம் (அழுத்தம் தாழ்ந்த வளைவு) கிழக்கே நகர்ந்து வரும். முன்பக்கத்தில் தென்மேற்குக் காற்று அரபிக்கடல் ஈரத்தை மலைக்கு ஏற்றும். பீர் பஞ்சாலும் பெருமலைத் தொடரும் அந்த ஈரத்தில் பெரும்பகுதியைப் பிழிந்துவிடும். அதனால் ஜோஜி லா, திராஸ் பக்கம் ஒரு முழம் பனி விழும்போது லே நகரத்தில் தூறலோடு முடியும். லே மட்டும் காய்ந்திருப்பதைப் பார்த்துக் கணவாய்களும் காய்ந்திருக்கும் என்று எண்ணக் கூடாது.

இதைக் கவனிக்கும் வழி:

வியாழக்கிழமை தோறும் வானிலை ஆய்வு மையம் நான்கு வாரத்துக்கான நீட்டிப்பு முன்னறிவிப்பு வெளியிடும். அதில் முதல் இரண்டு வாரத்தை மட்டும் பாருங்கள். கிளம்புவதற்கு 7 நாள் முன்பிருந்து 500 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு; எண் குறையக் குறைய உயரம் கூடும்) வரைபடத்தைத் தினம் ஒருமுறை பாருங்கள். பள்ளம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 8 முதல் 10 தீர்க்கரேகை நகரும். லடாக் 77 டிகிரி கிழக்கில் இருக்கிறது. இன்று பள்ளம் காஸ்பியன் அருகே 50 டிகிரியில் என்றால் உங்கள் கையில் சுமார் மூன்று நாள் இருக்கிறது. அது 30 டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே ஆழமாக இறங்கினால் கவலைப்பட வேண்டும். வடக்கே 40 டிகிரிக்கு மேல் நகர்ந்து போனால் மேகம் காட்டிவிட்டுப் போகும்.

ஒரு முக்கியமான விஷயம். சமவெளியில் நாம் பழகிய 850 ஹெக்டோபாஸ்கல் வரைபடம் அங்கே மலைக்குள் புதைந்திருக்கும் ஓர் உயரத்தைக் காட்டுகிறது. 700 கூட சுமார் 3,100 மீட்டர், லேக்குக் கீழே. மாடல் அங்கே காட்டும் காற்றும் வெப்பமும் கணக்குப் போட்டு நிரப்பியவை. லே தரை மட்டமே சுமார் 650 ஹெக்டோபாஸ்கல். பாங்காங்குக்கு 600 மட்டத்தையும், கர்துங் லா, சாங் லாவுக்கு 500 மட்டத்தையும் பாருங்கள். 500 மட்டம் 5,800 மீட்டர் சுற்றி இருக்கும், அதாவது கணவாயின் தலைக்குச் சற்று மேலே.

ஆப்கள் ஏன் முரண்படுகின்றன என்பதற்கும் இதுவே விடை. நல்ல உலக மாடல்களின் கட்டம் 9 முதல் 25 கி.மீ. வரை. கர்துங் லாவும் லேயும் நேர்க்கோட்டில் அதற்குள் அடங்கிவிடும். ஒரு ஆப் அந்தக் கட்டத்தின் சராசரி உயரமான, வைத்துக்கொள்வோம், 4,600 மீட்டருக்கான வெப்பத்தை அப்படியே காட்டும். இன்னொன்று 5,359 மீட்டருக்குத் திருத்திக் காட்டும். கையால் சரிபார்க்க: 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையுங்கள். லே 3,500, கர்துங் லா 5,359, வித்தியாசம் ஏறத்தாழ 1,860 மீட்டர், ஆகவே 12 டிகிரி. லேயில் மதியம் 14 என்றால் மேலே 2. விடியற்காலையில் இந்தக் கணக்கு பிசகும். குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால் லேக்கும் கணவாய்க்கும் வித்தியாசம் 12 ஐ விடக் குறைவாக இருக்கும். காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். −5 டிகிரியில் மணிக்கு 40 கி.மீ. காற்று என்றால் தோலுக்கு −14.

---

கணவாய்க்காவலன்

மூணாவது கேள்விக்கு நான் சொல்றேன். 5 மணிக்குக் கிளம்பாதீங்க.

அந்த 5 மணிக் கணக்கு ஜூலை, ஆகஸ்டுக்கு எழுதினது. அப்போ மதியத்துக்கு மேல பனிப்பாறை உருகி நாலாவுல, அதாவது ரோட்டைக் கடக்கற ஓடையில, தண்ணி ஏறும், மதியம் மேகம் கட்டும். அதனால காலையிலேயே தாண்டணும். அக்டோபர்ல உருகல் ரொம்பக் குறைவு. நாலாவுல தண்ணி முழங்காலுக்கும் கீழ. பிரச்சினை இப்போ தலைகீழ். பகல்ல ரோட்டு மேல கசிஞ்ச தண்ணி ராத்திரி உறைஞ்சு, தார் மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஐஸ் படிஞ்சிருக்கும். தார் கறுப்பு அப்படியே தெரியும், ஐஸ் தெரியாது. பைக்குக்கு இதைவிட மோசம் வேற இல்ல.

எங்கே இருக்கும்னா, கல்வெர்ட் மேல, மேல்பக்கச் சரிவுல இருந்து தண்ணி கசியற இடத்துல, கொண்டை ஊசி வளைவோட உள்பக்கத்துல, வடக்குப் பார்த்த சரிவு எல்லாத்துலயும். கர்துங் லாவுல லே பக்கம், அதாவது தெற்குச் சரிவு, 9 மணிக்கே காய்ஞ்சிடும். உச்சியில இருந்து நார்த் புல்லு செக்போஸ்ட் வரைக்கும் இறங்கற வடக்குச் சரிவு 10.30, 11 வரைக்கும் வழுக்கும். அதனால லேல இருந்து 8.30 க்குக் கிளம்புங்க. ஏறக்குறைய 40 கி.மீ. ஏத்தம், உச்சிக்கு 10.15 வாக்குல. 15 நிமிஷத்துக்கு மேல அங்க நிக்காதீங்க, 5,300 மீட்டர்ல தலைவலி அதுக்குள்ள ஆரம்பிச்சிடும். பிறகு முதல் கியர், ரெண்டாவது கியர்ல பிரேக் தொடாம இறங்குங்க.

சாயங்காலத்துக்கும் ஒரு எல்லை வெச்சுக்குங்க. அக்டோபர் நடுவுல லேல சூரியன் 5.45 க்கு மறையும், ஆனா மலை நிழல் 4 மணிக்கே ரோட்டுல விழுந்திடும். நிழல் விழுந்த அரை மணில ஈரம் ஐஸ் ஆகும். அதனால கணவாய் உச்சிய 2.30 க்குள்ள தாண்டிடணும். ஆக மொத்தம் உங்களுக்கு 10 ல இருந்து 2.30 வரைக்கும்தான் நேரம். காத்தும் மதியத்துக்கு மேலதான் எழும்பும், நுப்ராவுல ஹுண்டர் மணல் மேட்டுப் பக்கம் 3 மணிக்கு மேல மணலை வாரி அடிக்கும். மேட்டைப் பார்க்கணும்னா காலையில போங்க.

பனி விழுந்துட்டா எந்த நாள் மோசம்னு பலருக்குத் தெரியறதில்ல. பனி விழற அன்னிக்கு மேகம் போர்வை மாதிரி இருக்கறதால குளிர் அவ்வளவு இறங்காது, எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க, செக்போஸ்ட்லயே நிறுத்தியும் விடுவாங்க. அடுத்த ராத்திரி வானம் பளிச்சுனு திறக்கும், புதுப்பனி மேல வெப்பம் எல்லாம் வெளியேறி அந்தப் பருவத்தோட கடுமையான குளிர் அன்னிக்குத்தான் விழும். மறுநாள் காலை நீல வானத்தைப் பார்த்து எல்லாரும் கிளம்புவாங்க. வழுக்கி விழறது அன்னிக்குத்தான். எல்லைச் சாலை அமைப்பு வண்டி பனியைத் தள்ளின ரோடு, தள்ளாத ரோட்டை விட வழுவழுப்பா இருக்கும். பனி நின்ன பிறகு ஒரு முழுப் பகல் வெயில் அடிக்கட்டும், அதுக்கு அடுத்த நாள் போங்க.

டாக்சில போனாலும் சங்கிலி வண்டில இருக்கான்னு கேளுங்க. "இருக்கு"ன்னா எடுத்துக் காட்டச் சொல்லுங்க. அது அந்த டயர் அளவுக்குப் பொருந்தற சங்கிலியா, ரெண்டு சக்கரத்துக்கும் ஜோடியா இருக்கான்னு பாருங்க.

---

பாலைவழி

மிக்க நன்றி. இப்போதுதான் பிடிபடுகிறது. இன்னொரு கேள்வி, மேலடுக்கு ஐயாவுக்கு. நாங்கள் 9ஆம் தேதி லேயில் இருக்கிறோம், 12ஆம் தேதி ஒரு மேற்கத்திய இடையூறு வருவதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதை மாற்றுவது? திட்டப்படி 12 அன்று நாங்கள் நுப்ராவிலிருந்து பாங்காங் போகும் வழியில் இருப்போம்.

---

மேலடுக்கு

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். மூன்று எண்கள் போதும்.

மழை அளவு: முன்னறிவிப்பில் 1 மி.மீ. என்பது மேலே சுமார் 1 செ.மீ. பனி, குளிர் கூடினால் ஒன்றரை செ.மீ. "லடாக் 6 மி.மீ." என்பது சமவெளிக்காரருக்கு ஒன்றுமில்லை. கணவாயில் அது 6 முதல் 9 செ.மீ. இரு சக்கர வண்டியை நிறுத்திவிட அதுவே போதும்.

உறைநிலை மட்டம் (வெப்பம் பூஜ்யமாகும் உயரம்): அது 4,000 மீட்டருக்குக் கீழே இறங்கினால் கர்துங் லா, சாங் லா, வாரி லா எல்லாமே பனி; பாங்காங் கரையிலும் பனி. காற்று வறண்டிருப்பதால் விழும் துளி ஆவியாகித் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கும். ஆகவே உறைநிலை மட்டத்துக்கு 300 மீட்டர் கீழேயும் பனியாகவே விழும்.

500 மட்டக் காற்று: மணிக்கு 60 கி.மீ. தாண்டினால் புதிதாகப் பனி விழாவிட்டாலும் கணவாயில் ஏற்கெனவே விழுந்த பனியை அள்ளி ரோட்டில் கொட்டும்.

எச்சரிக்கை நிறத்தையும் பாருங்கள். லேயில் 2020 டிசம்பரில் தொடங்கிய வானிலை மையம் உள்ளூர் முன்னறிவிப்பு தருகிறது. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. ஆரஞ்சுக்கே கணவாய்ப் பயணத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நுப்ராவுக்கு உள்ளே போன பிறகு வெளியே வர வழிகள்: கர்துங் லா 5,359 மீட்டர், வாரி லா 5,300 சொச்சம், ஷியோக் ஆற்றோரமாக துர்புக் வந்து சாங் லா, அதுவும் 5,360 அளவு. மூன்றுமே ஒரே பனியில் ஒன்றாக அடைபடும். ஆனால் துர்புக்கிலிருந்து சாங் லாவுக்குத் திரும்பாமல் தாங்ட்சே, லுகுங், ஸ்பாங்மிக், மேரக், சுஷுல், சாகா லா, லோமா, நியோமா என்று சிந்து நதிக்கு இறங்கும் நீண்ட வழி ஒன்று உண்டு. அதில் சாகா லா மட்டும்தான் கணவாய், அது 4,600 மீட்டரைச் சுற்றி. உங்கள் திட்டமே இந்த வழியில்தான் போகிறது என்பது நல்லது. உங்களை உண்மையில் அடைத்து வைக்கக்கூடிய கணவாய் கர்துங் லா மட்டும், அதுவும் ஏறும்போது. எல்லையோரப் பகுதி என்பதால் சுஷுல், ஹான்லே இரண்டுக்கும் அனுமதி விதிகளை லேயிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். செக்போஸ்டில் நின்று கண்டுபிடிக்கிற விஷயம் அல்ல அது.

12 அன்று பலவீனமான அமைப்பு, 2 மி.மீ.க்குள் என்றால் திட்டப்படி 10 அன்று நுப்ரா போங்கள். 12 அன்று அங்கேயே இன்னொரு இரவு தங்கி, 13 காலை 9.30 க்கு மேல் பாங்காங் கிளம்புங்கள். ஹான்லே ஒரு இரவாகக் குறையும், அவ்வளவுதான்.

வலுவானது என்றால் நுப்ராவுக்கே போகாதீர்கள். 10 முதல் 13 வரை லேக்கு மேற்கே, சிந்து நதியோரமாக ஷாம் பக்கம் போங்கள்: பாஸ்கோ, அல்ச்சி, லாமாயூரு. 5,000 மீட்டர் கணவாய் எதுவும் நடுவில் கிடையாது. உயரம் 3,100 முதல் 3,500 வரை, உடம்பு பழகுவதும் நடக்கும். 14 அன்று வெயில், 15 அன்று சிந்து நதிப் பாதையில் உப்ஷி, மாஹே, நியோமா வழியாக ஹான்லே, 16 அன்று லே. நுப்ராவும் பாங்காங்கும் போய்விடும், வருத்தம்தான். ஆனால் 17 காலை விமானத்தை விட்டுவிட்டு நுப்ராவின் டிஸ்கிட்டில் உட்கார்ந்திருப்பதை விட இது மேல்.

ஹான்லேயை முதலில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். ஹான்லேயில் தூங்கும் உயரம் 4,200 மீட்டருக்கு மேல். நுப்ரா 3,100. லேயில் இரண்டு இரவு முடித்த உடம்பை நேராக அங்கே கொண்டுபோவது உயர நோய்க்கு அழைப்பு. பனி பயத்தில் திட்டத்தைத் திருப்பும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முதல் பாதி வரை, பருவமழையின் மிச்ச ஈரமோ வங்கக் கடல் புயலின் மிச்சமோ மேற்கிலிருந்து வரும் பள்ளத்தோடு சேர்ந்தால் விளைவு பல மடங்காகும். 2018 செப்டம்பர் 22–24 இல் லாஹௌல்–ஸ்பிதியில் பருவத்துக்கு முந்தைய கடும்பனி விழுந்து நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர் மீட்க வேண்டியிருந்தது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகி மலையேறிகள் பலர் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஈரம் பெருமலைத் தொடரைத் தாண்டி லடாக்குக்கு வருவது அபூர்வம். ஆனாலும் அந்த வாரம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருந்தால் மேற்கே மட்டும் பார்க்காமல் இரண்டு பக்கமும் பாருங்கள். நம் ஊர் வானிலைச் செய்தியே இதற்குப் போதும்.

இணைப்பு இல்லாத இடத்தில் வானத்தைப் பாருங்கள். மேற்கிலிருந்து இறகு போன்ற உயர்மேகம் படர்ந்து சூரியனைச் சுற்றி வளையம் கட்டினால் 24 மணி நேரத்துக்குள் மாற்றம் வரக்கூடும். இரவு வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருப்பதும் அதே அறிகுறி. அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். லேயை விட்டுக் கிளம்பும் காலையில் அடுத்த ஐந்து நாள் வரைபடங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

இரவுவானம்

ஹான்லே பற்றி. நாட்டின் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை 4,500 மீட்டரில் அங்கே கொண்டுபோய் வைத்ததற்குக் காரணமே வறண்ட காற்றும் தெளிந்த இரவுகளும்தான். பருவமழை விலகிய அக்டோபர் அங்கே மிக நல்ல மாதங்களில் ஒன்று. மேற்கத்திய இடையூறு இல்லாவிட்டால் 2 இரவில் ஒன்றாவது முழுத் தெளிவாகக் கிடைக்கும் என்று தைரியமாக எதிர்பார்க்கலாம். நிலவின் தேதியை மட்டும் முதலில் பாருங்கள், வானிலையை விட அது பெரிய விஷயம்.

குளிர்: அக்டோபர் நடுவில் இரவு −5 முதல் −10 வரை சாதாரணம். பகல் காற்று சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரத்தில் அடங்கும். அதுவரை முக்காலி நடுங்கும்.

நேரக் கணக்கு: முழு இருட்டு சுமார் 7.15 க்கு. பால்வீதியின் மையம் தென்மேற்கில் தாழ்வாக 8 மணி வரை கிடைக்கும், பிறகு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஆகவே இரவு உணவைத் தள்ளிப்போடுங்கள். ஓரியன் கிழக்கே எழ 10.30 ஆகும். இலையுதிர்கால விடியலில்தான் ராசிமண்டல ஒளி நன்றாகத் தெரியும்: 4 மணியிலிருந்து 5 மணிக்குள், கிழக்கே சாய்ந்த கூம்பு போல.

கேமரா பேட்டரி இந்தக் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். இரண்டு கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியிலிருந்து அறைக்குள் கொண்டுவரும் முன் கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அறையில் ஒரு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் சென்சார் வரை ஈரம் படியும். லென்ஸ் மேல் மூச்சு படக்கூடாது, நொடியில் உறைந்துவிடும். அது இருள்வானக் காப்பகம். வெள்ளை டார்ச், ஹெட்லைட் வேண்டாம், சிவப்பு விளக்கு மட்டும்.

அறையைச் சூடாக்க புகாரி என்ற அடுப்பு வைத்திருப்பார்கள். தூங்கும் முன் அணைத்துவிடுங்கள், எரியும்போது ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதன் தலைவலியும் உயர நோயின் தலைவலியும் ஒன்றுபோலவே இருக்கும், அதுதான் அபாயம்.

---

கணவாய்க்காவலன்

மணாலி பைக்காரங்க ரெண்டு பேருக்கு: அந்தப் பாதையை விட்டுடச் சொல்லுங்க. அடல் சுரங்கம் வந்த பிறகு ரோதாங் தொல்லை மட்டும்தான் தீர்ந்தது. அதுக்கு அப்புறம் பாராலாச்சா 4,890, லாச்சுங் லா 5,000 க்கு மேல, தாங்லாங் லா 5,328, வரிசையா நிக்குது. ரெண்டு கணவாய்க்கு நடுவுல மாட்டினா ஒதுங்க இடமில்ல, வழியில சர்ச்சுங்கற இடத்துல தங்கற கூடாரமெல்லாம் செப்டம்பர் முடியறதுக்குள்ள பெரும்பாலும் பிரிச்சிடுவாங்க. தாண்டிங்கற ஊருக்கு அப்புறம் நம்பற மாதிரி பெட்ரோல் பங்க் லே பக்கம் வந்தாதான், 365 கி.மீ.

ஸ்ரீநகர் வழியா வரட்டும். ஜோஜி லா 3,528, நமிகா லா 3,700, ஃபோட்டு லா 4,108. வழி நெடுக ஊர் இருக்கு: திராஸ், கார்கில், முல்பேக், லாமாயூரு. பனி வந்தா ஒரு ஊர்ல உட்கார்ந்துக்கலாம். ஜோஜி லாவை மட்டும் வானம் தெளிவா இருக்கற நாள்ல தாண்டணும், மேற்கத்திய இடையூறு முதல்ல அடிக்கறது அங்கதான்.

டயர் காத்து பத்தியும் சொல்லிடறேன். லேல 28 பிஎஸ்ஐ வெச்சு மேல ஏறினா, குளிருக்குக் காத்து சுருங்கும், ஆனா வெளி அழுத்தமும் குறையறதால கேஜ்ல பார்த்தா கிட்டத்தட்ட 27, 28 தான் காட்டும். ஏறும்போது யாராவது காத்தை இறக்கச் சொன்னா இறக்காதீங்க.

---

பாலைவழி

கடைசியாக ஒன்று. 17 காலை விமானம் வானிலையால் ரத்தாகும் வாய்ப்பு எவ்வளவு? 15 ஆம் தேதியே லே திரும்பிவிடுகிறோம், அது போதுமா?

---

மேலடுக்கு

போதும். லேயில் மதியக் காற்று வலுப்பதால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடும். 2024 ஜூலையில் வெயில் கூடி விமானங்கள் ரத்தானது போல அக்டோபரில் நடக்காது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, விமானம் எழும்ப உதவும். அக்டோபரில் தடை என்றால் சுற்றிலும் மலை உள்ள பள்ளத்தாக்கில் மேகம் தாழ்ந்து நிற்பதுதான். காலை விமானங்கள் ரத்தானால் மதியத்தில் ஈடுகட்ட இடமிருக்காது, அன்றைய பயணிகள் எல்லாரும் மறுநாளுக்குத் தள்ளப்படுவார்கள். ஆகவே 16 அன்று முன்னறிவிப்பில் மேகமூட்டம் காட்டினால் அன்று மாலையே விமான நிறுவனத்தோடு பேசி 18 இன் இருக்கை நிலவரத்தைக் கேட்டு வையுங்கள். டெல்லியிலிருந்து அடுத்த விமானம் தனி டிக்கெட் என்றால் 17 இரவுக்கு முன் அதை வைக்காதீர்கள்.